கண்ணால் காணாத கணினிக்கும் குரல் கொடுப்பவர்கள்

மடிக்கணினியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட்ஃபோனைச் செருகுகிறீர்கள். ஸ்பீக்கர் அடங்கிவிடுகிறது, பாட்டு காதுக்குள் வருகிறது. பிடுங்கினால் ஸ்பீக்கர் மறுபடியும் பாடுகிறது. தினமும் நடப்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்தக் கண நேரத்துக்குள் நடக்கும் உரையாடல் கவனிக்கத்தக்கது.

ஹெட்ஃபோனின் உலோக முனை, துளைக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகட்டை நகர்த்துகிறது. மின்சுற்றில் ஏற்பட்ட அந்த மாற்றத்தை மதர்போர்டில் உள்ள ஒலி சிப் உணர்கிறது. யாரும் கேட்காமலேயே, தன்னுடைய இன்ன காலில், அதாவது இணைப்பு முனையில், ஏதோ மாறியிருக்கிறது என்று கணினிக்குத் தகவல் அனுப்புகிறது. இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் இருக்கும் ஆடியோ டிரைவர் அதை வாங்கிக்கொண்டு, அங்கே இப்போது ஏதாவது செருகியிருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறது. ஆம் என்று பதில் வந்ததும், ஸ்பீக்கர் இணைந்திருக்கும் காலை அடைக்கிறது.

இதற்கு டிரைவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஹெட்ஃபோன் துளை சிப்பின் எந்தக் காலில் இணைந்திருக்கிறது? ஸ்பீக்கர் எந்தக் காலில்? ஒரே சிப்பை வாங்கும் பத்து நிறுவனங்கள் பத்து விதமாக அதைக் கம்பி இழுத்துப் பொருத்துகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தில் அந்த டிரைவரைப் பராமரிப்பவரோ, உங்கள் மடிக்கணினியை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பெரும்பாலும் இனியும் பார்க்கப்போவதில்லை. இருந்தும் அது பாடுகிறது. டிரைவர் எழுதுவதைவிட அதைப் பராமரிப்பதுதான் பெரிய வேலை என்பது என் எண்ணம். உலகம் கணினியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது அதற்கு வாயும் இல்லை, காதும் இல்லை. அந்தக் காலத்தில் வீட்டுக் கணினியில் நல்ல ஒலி வேண்டுமென்றால் தனியாக ஓர் அட்டை வாங்கிச் செருக வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அவற்றில் பெயர்பெற்றது. லினக்ஸுக்கு முதல் ஒலி டிரைவர்களை எழுதியவர் இன்னொரு ஃபின்லாந்துக்காரரான ஹன்னு சவோலைனன். அவருடைய முறையில் பெரும்பாலான அட்டைகளை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் பயன்படுத்த முடியும். பாட்டு ஓடினால் மற்ற நிரல்கள் வாய்பொத்திக் காத்திருக்க வேண்டியதுதான். 1998-இல் செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற அட்டைக்காக எழுதத் தொடங்கிய டிரைவரிலிருந்து புதிய கட்டமைப்பு ஒன்றை உருவாக்கினார். அதுதான் ஆல்சா. 2002-இல் அது கர்னலின் மேம்பாட்டுப் பதிப்பில் சேர்ந்தது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பிலிருந்து லினக்ஸின் ஒலி என்றால் ஆல்சா என்றாகிவிட்டது. ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கர்னலின்மேல்தான் நிற்கிறது. ஆகவே உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் மணி அடிப்பதும் இதே கட்டமைப்பின் வழியாகத்தான்.

டிரைவர் உண்மையில் செய்வது என்ன? ஒலி என்பது கணினிக்கு எண்களின் வரிசை. நொடிக்கு 48,000 முறை, இடது காதுக்கு ஓர் எண், வலது காதுக்கு ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் 2 பைட். ஆக நொடிக்கு 1,92,000 பைட். இன்றைய கணினிக்கு இது தூசு. சிரமம் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் எண்ணும் தன் நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

இதற்காக நினைவகத்தில் வட்டமாகச் சுற்றும் ஒரு தொட்டியை டிரைவர் ஒதுக்குகிறது. பாட்டுச் செயலி ஒரு பக்கம் எண்களை நிரப்பிக்கொண்டே போகிறது. ஒலி வன்பொருள், மையச் செயலியின் உதவி இல்லாமல் தானே நினைவகத்திலிருந்து அவற்றை எடுத்துக்கொண்டே பின்னால் வருகிறது. கல்யாணப் பந்தியில் பரிமாறுபவரின் நிலைமைதான் பாட்டுச் செயலிக்கு. சாப்பிடுபவர் ஒரே வேகத்தில் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், இலை காலியாவதற்குள் பரிமாறுபவர் திரும்பி வந்துவிட வேண்டும். தொட்டியில் ஒரு பகுதி தீர்ந்ததும் வன்பொருள் கர்னலைத் தட்டிக் கூப்பிடும். பகுதியின் நீளம் 1,024 மாதிரிகள் (ஒரு மாதிரி என்பது ஒரு முறைக்குரிய எண்கள்) என்று வைத்துக்கொண்டால், இரண்டு அழைப்புகளுக்கு நடுவே இருப்பது 21 மில்லிநொடிதான். அதற்குள் கணினி இணையத்தில் எதையோ இறக்கிக்கொண்டிருக்கலாம், வட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம், பத்து நிரல்கள் மையச் செயலிக்காக அடித்துக்கொள்ளலாம். ஒலிக்குரிய எண்கள் வந்தே ஆக வேண்டும். திரையில் ஒரு படச்சட்டம் தவறினால் கண் மன்னித்துவிடும். ஒலியில் சில மில்லிநொடி இடைவெளி விழுந்தாலும் காது அதை ‘டப்’ என்று கேட்டுவிடும்.

தொட்டியின் எந்த இடத்தை வன்பொருள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறது என்பதும் டிரைவருக்குத் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். படத்தில் பேசுபவரின் உதடும் குரலும் பொருந்துவது அதை நம்பித்தான். அந்த இடத்தைச் சொல்ல வன்பொருளில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. அவை எல்லாச் சிப்பிலும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஒரு சிப் இன்னும் படிக்காத இடத்தைப் படித்துவிட்டதாகச் சொல்லும், இன்னொன்று சற்றுப் பின்தங்கிய கணக்கைத் தரும். அதனால் எந்தச் சிப்பிடம் எந்தக் கணக்கை நம்புவது என்பதற்கென்றே டிரைவரில் தனி ஏற்பாடு உண்டு.

இப்போது அந்தக் கால் விவகாரத்துக்கு வருவோம். 2004-இல் இன்டெல் வெளியிட்ட ஹெச்டி ஆடியோ என்ற தரவரையறையைத்தான் அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான மடிக்கணினிகளும் மேசைக் கணினிகளும் பின்பற்றின. அழகான வடிவமைப்பு அது. ஒலி சிப் தன்னைத்தானே விவரித்துக்கொள்ளும். எனக்குள் எண்ணை மின் அலையாக மாற்றும் பகுதிகள் இத்தனை, கலக்கும் பகுதிகள் இத்தனை, வெளியே போகும் கால்கள் இத்தனை, எதிலிருந்து எதற்குப் பாதை இருக்கிறது என்று டிரைவர் கேட்கக் கேட்கப் பதில் சொல்லும். ஒவ்வொரு காலுக்கும் 32 பிட் கொண்ட ஒரு குறிப்பு உண்டு. அந்தக் காலில் வெளியுலகம் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை மதர்போர்டு தயாரித்தவர், கணினி இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல் வழியாக அதில் எழுதிவைக்க வேண்டும்.

அந்தக் குறிப்பைப் படிக்கப் பழகினால் ஒரு பெட்டியைத் திறக்காமலேயே அதன் உள்ளும் புறமும் தெரியும். பதினாறு நிலை எண்முறையில் 90170110 என்று ஒரு கால் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் 90. இது பெட்டிக்குள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டது, வெளியே துளை கிடையாது என்று பொருள். அடுத்த 1 என்பது ஸ்பீக்கர். அதன் பிறகு வரும் 7, பிற வகை அனலாக் இணைப்பு. அடுத்த 0, நிறம் எதுவும் குறிக்கப்படவில்லை. அடுத்த 1, செருகியிருக்கிறதா என்று இந்தக் காலில் கேட்காதே என்கிறது. நிலையாக இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு என்ன பயன்? கடைசி இரண்டும் எந்தக் குழுவில் எத்தனையாவது என்பதைச் சொல்கின்றன. இன்னொரு கால் 03211020 என்கிறது. 03 என்றால் வெளியே தெரியும் துளை, பெட்டியின் இடது பக்கம். 2 என்றால் ஹெட்ஃபோன். அடுத்த 1, வழக்கமான 3.5 மில்லிமீட்டர் துளை. அதற்கடுத்த 1, அந்தத் துளையின் நிறம் கறுப்பு! மேசைக் கணினிகளின் பின்பக்கம் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று துளைகள் இருக்குமே, அந்த நிறங்களுக்கும் இதில் தனித்தனி எண்கள் உண்டு. குறிப்பு 4 என்று தொடங்கினால் அந்தக் காலில் எதுவுமே இணைக்கப்படவில்லை.

காகிதத்தில் இது குறையில்லாத ஏற்பாடு. எல்லா நிறுவனங்களும் இந்தக் குறிப்புகளைச் சரியாக எழுதியிருந்தால் ஒரே டிரைவர் எல்லாக் கணினிகளுக்கும் போதும். ஆனால் போன வருட மாடலின் குறிப்புகள் இந்த வருட மாடலிலும் அப்படியே இருந்துவிடுகின்றன. நான்கு ஸ்பீக்கர் வைத்த மடிக்கணினியில் இரண்டைப் பற்றி மட்டும் குறிப்பு இருக்கும், மற்ற இரண்டின் கால்களும் வெறுமை என்று எழுதியிருக்கும். மைக்கும் ஹெட்ஃபோனும் ஒரே துளையில் வரும் மாடலில் மைக்கைப் பற்றிய பேச்சே இருக்காது. விண்டோஸில் இது வெளியே தெரியாது. நிறுவனம் தரும் விண்டோஸ் டிரைவர், குறிப்பில் உள்ள பிழையையும் சேர்த்தே சரிக்கட்டிவிடும். பெட்டியோடு கூடவே பதிந்து வருவதால் வாங்குபவருக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. அதே பெட்டியில் லினக்ஸை நிறுவும்போதுதான் குறிப்பின் குட்டு வெளிப்படும்.

இந்த இடத்தில் லினக்ஸ் பராமரிப்பாளர்கள் ஒரு பட்டியலைக் கையில் எடுக்கிறார்கள். ஒவ்வொரு மடிக்கணினி மாடலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. முதல் பாதி நிறுவனம். 1028 என்றால் டெல், 1025 என்றால் ஏசர், 1043 என்றால் ஆசுஸ். இரண்டாம் பாதி மாடல். டிரைவருக்குள் இருக்கும் பட்டியலில் மாடலுக்கு ஒரு வரி. இந்த அடையாள எண் வந்தால் இந்தத் திருத்தத்தைச் செய் என்பதுதான் அந்த வரியின் சாரம். ஒன்றுக்கு, 23-ஆம் எண் காலில் ஸ்பீக்கர் இருப்பதாக எடுத்துக்கொள். இன்னொன்றுக்கு, மியூட் பொத்தானின் விளக்கு இந்த வழியில் எரியும். மூன்றாவதற்கு, தூங்கி எழுந்தபின் இந்தப் பதிவகத்தில் இந்த எண்ணை எழுதாவிட்டால் ஹெட்ஃபோனில் இரைச்சல் வரும். வழக்கத்துக்கு மாறான இந்தக் குணங்களைக் குவர்க் என்கிறார்கள். அடையாள எண்ணின் ஏறுவரிசையில்தான் புதிய வரியைச் சேர்க்க வேண்டும். வரிசை மாற்றி அனுப்பினால் பராமரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மடிக்கணினிகளில் மிகப் பரவலாக இருப்பவை தைவானின் ரியல்டெக் நிறுவனச் சிப்கள். அவற்றுக்கான ஒரே ஒரு டிரைவர் கோப்பு வளர்ந்து வளர்ந்து 10,000 வரிகளைத் தாண்டியது. 2025-இல் அதைப் பல கோப்புகளாகப் பிரித்தார்கள். நான் அந்தக் கோப்புகளை வாசிக்கப் பரிந்துரைப்பேன். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் அவை வாசிக்கத்தக்க ஆவணம். கடந்த இருபது ஆண்டுகளில் விற்ற மடிக்கணினிகளின் பெயர்கள் வரிவரியாக அவற்றில் நிற்கின்றன. கடைகளில் இன்று கிடைக்காதவை, தயாரித்த நிறுவனமே கைவிட்டவை எல்லாம் உண்டு. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், தன் கணினி ஊமையாக இருக்கிறது என்று எங்கிருந்தோ எழுதிய ஒருவரும், அதைப் பொறுமையாகக் கேட்டுச் சரிசெய்த இன்னொருவரும் இருக்கிறார்கள்.

சில சமயம் ஒரு நிறுவனம் இரண்டு வெவ்வேறு மாடல்களுக்கு ஒரே அடையாள எண்ணைக் கொடுத்துவிடும். ஒன்றைப் பாட வைக்கும் திருத்தம் மற்றொன்றை ஊமையாக்கிவிடும். அப்படிப்பட்ட சிக்கல்கள் வந்தபின், பெட்டியின் எண்ணோடு நிற்காமல் ஒலி சிப்பிடம் உள்ள தனி எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி சேர்க்கப்பட்டது.

கண்ணால் காணாத கணினியை எப்படிச் சோதிப்பது? ஆல்சாவின் நெடுநாள் பராமரிப்பாளர் தகாஷி இவாய், ஜப்பானியர், ஜெர்மனியின் சூசே நிறுவனத்தில் பணியாற்றுபவர். அவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒலி சிப் தன்னைத்தானே விவரிக்கும் என்றேனே, அந்த விவரிப்பு முழுவதையும் பயனரின் கணினியிலிருந்து ஓர் உரைக்கோப்பாக எடுத்து அனுப்பச் சொல்லலாம். அந்தக் கோப்பைக் கொடுத்தால் அதே சிப்பைப் போல நடிக்கும் ஒரு நிரலை அவர் எழுதினார். டிரைவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், உண்மையான சிப் என்ன சொல்லுமோ அதை அது சொல்லும். ஹெட்ஃபோனைச் செருகியதாகப் பாவனை காட்டலாம், டிரைவர் எந்தக் காலை அடைக்கிறது என்று பார்க்கலாம். எங்கோ ஒரு வீட்டு மேசையில் இருக்கும் மடிக்கணினியின் சாயலைத் தன் மேசையில் எழுப்பி, அதன்மேல் மாற்றத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பலாம். எந்தப் பெரிய நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கும் குறையாத சாமர்த்தியம் இது.

ஆனால் சாயலால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ‘டப்’ சத்தத்தை அது காட்டாது. ஒலிப்பாதையில் மின்சாரத்தைச் சட்டென்று திறந்தால், அங்குள்ள மின்தேக்கி நிரம்பும் வேகத்தில் ஸ்பீக்கரின் கூம்பு துள்ளும். அதுதான் அந்தச் சத்தம். போன்களிலும் சிறு கருவிகளிலும் உள்ள சிப்களுக்காக லியாம் கிர்ட்வுட்டும் மார்க் பிரவுனும் வளர்த்த கட்டமைப்பு இதை அருமையாகக் கையாள்கிறது. எண்ணிலிருந்து ஸ்பீக்கர் வரை உள்ள பாதையை அது வரைபடமாக வைத்திருக்கிறது. எந்தப் பகுதி இப்போது தேவையோ அதற்கு மட்டும் மின்சாரம் கொடுக்கிறது. திறக்கும்போது பெருக்கிக்கு (ஆம்ப்ளிஃபையர்) கடைசியில்தான் உயிர் வரும், மூடும்போது அதுவே முதலில் அடங்கும். மடிக்கணினிகளிலும் பேட்டரியை மிச்சப்படுத்த, வேலையில்லாத ஒலி சிப்பைத் தூங்க வைப்பார்கள். சில மாடல்கள் தூங்கும்போதும் எழும்போதும் ‘டப்’ என்கின்றன. அவற்றைத் தூங்க வைக்காதே என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது. இந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்க, அந்தக் கணினியின் முன்னால் அமர்ந்திருக்கும் மனிதரின் காதைவிட்டால் வேறு கருவி கிடையாது.

யூஎஸ்பி ஒலிக்கருவிகளில் சங்கடம் வேறு வகை. கணினியில் ஒரு கடிகாரப் படிகம், கருவியில் இன்னொன்று. இரண்டும் நொடிக்கு 48,000 என்றுதான் சொல்லும், ஆனால் இம்மியளவு வித்தியாசம் இருந்தே தீரும். பத்து லட்சத்தில் 50 பங்கு என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 2.4 மாதிரி, ஒரு மணி நேரத்தில் 8,640 மாதிரி. ஒரு மணி நேரக் கச்சேரிக்குள் தொட்டி வழிந்துவிடலாம் அல்லது வறண்டுவிடலாம். அதனால் நல்ல கருவிகள் தங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணினிக்கு அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்கும். மில்லிநொடிக்கு 48 மாதிரி போகும் இடத்தில் டிரைவர் ஒரு முறை 47 அனுப்பும், ஒரு முறை 49. அந்தத் தகவலையே தப்பாகச் சொல்லும் கருவிகளும் சந்தையில் உண்டு. யூஎஸ்பி டிரைவரிலும் ஒரு குவர்க் பட்டியல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னவற்றில் தப்பு நடந்தால் ஒலி கெடும், அவ்வளவுதான். கருவியே கெட்டுப்போகக்கூடிய இடமும் உண்டு. இன்றைய மெல்லிய மடிக்கணினிகளின் குட்டி ஸ்பீக்கர்களிலிருந்து ஆச்சரியமான ஒலி வருவதற்குக் காரணம், அவை தாங்கக்கூடியதைவிட அதிக சக்தி தரவல்ல பெருக்கிகளை அவற்றோடு இணைப்பதுதான். கணநேரத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, கம்பிச்சுருள் சூடேறும்போது சக்தியைக் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கு தவறினால் சுருள் எரிந்துவிடும். ஆப்பிளின் எம்1 வகைக் கணினிகளுக்கு லினக்ஸைக் கொண்டுசென்ற அசாஹி லினக்ஸ் குழுவினர், ஸ்பீக்கர் வேலை செய்யும் என்று தெரிந்தபிறகும் அதைப் பொதுப் பயனர்களுக்குத் திறந்துவிட அவசரப்படவில்லை. சுருளில் பாயும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பெருக்கியிடமிருந்தே தொடர்ந்து வாங்கி, சுருளின் வெப்பத்தைக் கணித்து, தேவையானபோது ஒலியைத் தணிக்கும் காவல் நிரல் ஒன்றை எழுதினார்கள். அந்த நிரல் ஓடாவிட்டால் கர்னலே சத்தத்தைப் பாதுகாப்பான அளவுக்கு இறக்கிவிடும். அதன் பிறகுதான் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார்கள். அடுத்தவர் காசு போட்டு வாங்கிய பொருளிடம் இருக்க வேண்டிய பொறுப்பு இது.

கர்னலில் எழுதாத சட்டம்போல நிலவும் ஒன்று உண்டு. நேற்று வேலை செய்தது இன்றும் வேலை செய்ய வேண்டும். புதுப்பித்ததால் பயனரின் நிரல் உடைந்தால் அது கர்னலின் பிழை, பயனரின் பிழை ஆகாது என்பதில் டோர்வால்ட்ஸ் கறாரானவர். ஆனால் கர்னலின் உட்புறமோ ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு, ஒவ்வொன்றிலும் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். உள்ளே ஒரு செயல்முறையை மாற்றுபவர், அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் தானே திருத்திக் கொடுக்க வேண்டும். அதனால்தான் சவுண்ட் பிளாஸ்டர், கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் போன்ற 1990-களின் அட்டைகளுக்கான டிரைவர்கள் இன்றும் கர்னலில் காலத்துக்கேற்பத் திருத்தப்பட்டு வருகின்றன. தன் டிரைவரைக் கர்னலோடு சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு இந்த வாய்ப்பு கிடையாது. அந்தத் தனி டிரைவர்கள் சில பதிப்புகளிலேயே தொகுக்க முடியாமல் போய்விடுகின்றன.

ஃபயர்வயர் கதை இதற்கு நல்ல உதாரணம். ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு காலத்தில் கோலோச்சிய இணைப்பு முறை அது. ஆப்பிள் 2025-இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் 26-இலிருந்து அதை நீக்கிவிட்டது. லினக்ஸில் தகாஷி சகமோட்டோ என்பவர் அந்த ஒலிக்கருவிகளுக்கான டிரைவர்களை ஆண்டுக்கணக்காக வளர்த்தார். 2023-இல் ஃபயர்வயர் பகுதி முழுவதன் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு, 2029 வரை பராமரிப்பதாகத் திட்டம் சொன்னார். தயாரித்தவர்களே கைகழுவிய கருவிகளுக்கு ஒரு தனிமனிதர் கெடு வைத்து ஆயுள் தருகிறார்.

ஒலிக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். டிரைவர் கர்னலுக்குள் ஓடுவதால், அதில் உள்ள ஓட்டை முழுக் கணினிக்குள்ளும் நுழையும் வழி. 64 பிட் கர்னலில் பழைய 32 பிட் நிரல்களும் ஓட வேண்டும் என்பதற்காக ஆல்சாவில் ஒரு துணைப்பாதை இருக்கிறது. ஒலியளவு போன்ற அமைப்புகளைப் படிக்கும்போது போட வேண்டிய ஒரு பூட்டு, அந்தத் துணைப்பாதையில் மட்டும் விடுபட்டிருந்தது. சாம்சங் போன்களை உளவு பார்க்க எய்யப்பட்ட தாக்குதல் தொடரில் இந்த ஓட்டையும் ஒரு கண்ணியாக இருந்தது என்று கூகுளின் பாதுகாப்புக் குழு 2023 மார்ச்சில் தெரிவித்தது. திருத்தம் என்னவோ பூட்டைச் சரியான இடத்துக்கு நகர்த்தும் சில வரிகள்தான். கர்னலின்மேல் தாறுமாறான கட்டளைகளை ஓயாமல் வீசி ஓட்டை தேடும் கூகுளின் சிஸ்காலர் என்ற கருவியும் 2016 தொடக்கத்தில் ஆல்சாவில் அடுக்கடுக்காகப் பிழைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. இவாய் அவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து அடைத்தார். புதிதாக எதுவும் பாடாத, யாரும் கைதட்டாத வேலை அது.

நேற்றுவரை பாடிய கணினி புதுப்பித்தபின் ஊமையானால், 10,000 மாற்றங்களில் குற்றவாளி எது? இதற்குள்ள வழி பாமரருக்கும் கைகூடுவது. நடுவில் உள்ள மாற்றம் வரை மட்டும் சேர்த்துக் கர்னலைத் தொகுத்துப் போட்டுப் பாருங்கள். பாடினால் பிழை பின்பாதியில், பாடாவிட்டால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 14 சுற்றுக்குள் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சும். டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்ற கருவி அடுத்த நடுப்புள்ளியைத் தானே எடுத்துக் கொடுக்கும். சி மொழியில் ஒரு வரி தெரியாதவர்கூட, பொறுமை மட்டும் இருந்தால், பிழை நுழைந்த மாற்றத்தைப் பராமரிப்பாளரின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பழைய கணினியில் ஒவ்வொரு சுற்றுக்கும் மணிக்கணக்கில் ஆகும். அப்படியும் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களால்தான் இந்த மொத்த ஏற்பாடும் நிற்கிறது.

நம் ஊரிலும் லினக்ஸ் ஓடும் கணினிகளுக்குக் குறைவில்லை. தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளிலேயே பாஸ் லினக்ஸ் இருந்தது. கல்லூரி ஆய்வகங்களிலும், செகண்ட் ஹேண்டில் வாங்கிய மடிக்கணினிகளிலும் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் ஓடுகின்றன. அவற்றில் மைக் எடுக்கவில்லை, ஒரு பக்க ஸ்பீக்கர் பேசவில்லை என்றால் பலர் யூஎஸ்பி ஹெட்செட் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அதே மாடலை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அதே குறை அப்படியே நீடிக்கிறது.

அப்படி ஒரு கணினி உங்களிடம் இருந்தால் தயவுசெய்து எழுதிப் போடுங்கள். ஆல்சா-இன்ஃபோ என்ற சிறு நிரலை ஓட்டினால், பெட்டியின் அடையாள எண்ணும் ஒவ்வொரு காலின் குறிப்பும் அடங்கிய கோப்பு கிடைக்கும். அதை இணைத்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எந்தக் கர்னல் பதிப்பு வரை சரியாக இருந்தது என்பதை எளிய ஆங்கிலத்தில் நான்கு வரியில் சொன்னால் போதும். மாதிரித் திருத்தம் ஒன்றை அனுப்பிச் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். ஹெட்ஃபோன், மைக், ஸ்பீக்கர், மியூட் விளக்கு, தூங்கி எழுந்தபின் ஒலி, இவை ஐந்தையும் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். திருத்தம் கர்னலில் சேரும்போது, பிழையைச் சொன்னவர், சோதித்தவர் என்று உங்கள் பெயரையும் அதனுடன் பதிவுசெய்வது அங்குள்ள வழக்கம்.